ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்கள்

கடலோர ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென அவரே கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விடுத்துச் செய்தியை மட்டும் தருகிறோம். அவருடைய மகன் ஓராண்டு முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து சென்று ஏழு மாதங்கள் ஆகின்றன. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. நகைகள் அடகில் இருக்கின்றன. மகளின் நிக்காஹ் பேச்சு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. மகனோ அடிக்கடி படம் அனுப்புகிறானாம். ஒரு முறை பழைய கோட்டை, ஒரு முறை கடற்கரை, ஒரு முறை பனி மூடிய மலை. “படிக்கப் போனானா, ஊர் சுற்றிப் பார்க்கப் போனானா என்று அவன் வாப்பா கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை” என்று முடித்திருக்கிறார்.

இந்தக் கேள்வி இன்று நம் சமுதாயத்தில் பல வீடுகளில் கேட்கப்படுகிறது. கல்விக் கட்டணம், விசா, தங்குமிடம் ஆகியவற்றைப் பற்றி இப்பகுதியில் முன்னரே எழுதியிருக்கிறோம். விடுமுறை நாளைப் பற்றி எழுதியதில்லை. கேட்கத் தகுந்த கேள்விதான். ஆயினும் அதைக் கேட்கும்முன் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள்ளன.

சகோதரி அவர்களே, அந்தப் படங்கள் எந்தக் கிழமையில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். பெரும்பாலும் ஞாயிறாகவே இருக்கும். சனிக்கிழமைக்குப் படம் இராது. சனிக்கிழமையன்று நம் பிள்ளைகளில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்பதை நாம் சொல்லிவிடுகிறோம். உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பர். பேரங்காடியில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பர். முதியோர் இல்லத்தில், எழுந்து நடக்க இயலாத ஒருவரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டுக்கொண்டிருப்பர். இவற்றையெல்லாம் யாரும் படமெடுத்து உம்மாவுக்கு அனுப்புவதில்லை. ஆகவே கடல் கடந்து நம் கைக்கு வருவது, வாரத்தில் அவர்கள் சிரித்திருந்த ஒரு நாளின் காட்சி மட்டுமே. அதையே ஏழு நாளின் காட்சியாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

அந்நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். மாணவர் விசாவில் பட்டப்படிப்போ முதுகலையோ பயில்வோர், கல்விப் பருவம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஊதிய வேலை செய்யலாகாது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரமாகக் கொள்ளப்படும். முதுகலை மாணவருக்குக் கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்களும் பருவக் காலத்தில் அடங்கும். கோடை விடுமுறைதானே என்று கருதி முழு நேர வேலைக்குப் போய் விசாவையே இழக்கும் நிலைக்கு ஆளாவோர் உண்டு. சனி எட்டு மணி நேரம், ஞாயிறு எட்டு மணி நேரம், இடையில் ஒரு மாலை நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 20 முடிந்துவிடும்.

2025 ஏப்ரலில் அங்கே 21 வயது நிரம்பியோர்க்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதன்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேர வேலைக்கு 97 பவுண்டுக்கு மேல் கிடைக்கும். நம் பணத்தில் ஏறக்குறைய பதினோராயிரம் ரூபாய். ஞாயிறன்று ஊர் பார்க்கப் போகும் பிள்ளை விட்டுக்கொடுப்பது இத்தொகையைத்தான். வண்டிச் செலவு அதற்கு அடுத்தது. கடன் சுமையை நினைத்து மாதத்தின் நான்கு ஞாயிற்றையும் வேலைக்கே கொடுத்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து படம் வராது. வீட்டாரும் ‘பொறுப்பான பிள்ளை’ என்று மகிழ்ந்திருப்பர். நமக்கோ அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை மிகுதி.

ஏன் என்று சொல்கிறோம். தொண்ணூறுகளில் வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நாம் மாணவராக இருந்தோம். அக்டோபர் வரை எல்லாம் நன்றாகவே இருக்கும். நவம்பரில் இருட்டு வந்து இறங்கும். டிசம்பர் இறுதியில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். வகுப்பறை, நூலகம், வேலையிடம், படுக்கையறை என்று நான்கு சுவர்களிலிருந்து வேறு நான்கு சுவர்களுக்கு மாறிக்கொண்டே இருப்போம். யாரிடமும் தாய்மொழியில் ஒரு சொல் பேசாமல் மூன்று நாள் கழிந்ததை நான்காம் நாள் உணர்ந்து திடுக்கிட்டவர் உண்டு. அந்நாளில் தொலைபேசிக் கூண்டில் அட்டையைச் செருகிவிட்டு, எண்கள் குறைவதைப் பார்த்தபடியே வீட்டாரோடு பேசுவோம். இன்று நினைத்தபோதெல்லாம் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் அதே அறைதான். ஞாயிறு காலை ஏதேனும் ஒரு பேருந்தில் ஏறி, ஒரு மணி நேரம் சன்னலோரம் அமர்ந்து, புல்வெளியையும் கற்சுவர்களையும் செம்மறியாடுகளையும் பார்த்துவிட்டு வருபவன் திங்கள் காலை புத்தகத்தின் முன் அமரும்போது வேறு ஆளாக இருப்பான். இதை நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம்.

செலவும் நினைக்கும் அளவுக்கு இல்லை. 16 முதல் 25 வயதுக்குட்பட்டோர்க்கென ஒரு ரெயில்கார்டு உண்டு. முழு நேர மாணவராயின் அந்த வயதைக் கடந்தவரும் பெறலாம். 2025இல் அதன் ஓராண்டு விலை 35 பவுண்டு. அதைக் காட்டினால் புகைவண்டிக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வேலை நாள்களில் காலை நேரத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு தடை வைத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறுக்கு அந்தத் தடை இல்லை. உள்ளூர்ப் பேருந்துகளில் ஒரு வழிப் பயணத்துக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்ற உச்ச வரம்பை இங்கிலாந்து அரசு 2023 ஜனவரியில் 2 பவுண்டாகக் கொண்டுவந்து, 2025 ஜனவரியில் 3 பவுண்டாக்கியது. பெரும்பாலான பேருந்துகள் இத்திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. இரண்டு மணி நேரம் ஓடும் பேருந்துக்கும் அதே கட்டணம் என்பதை அறிந்த மாணவன் அரைச் செலவில் ஒரு மாவட்டத்தையே பார்த்துவிடுவான். நாட்டின் தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணம் வாங்கி வந்தவையும் 2001 டிசம்பர் முதல் பொது நுழைவுக்குக் கட்டணத்தை நீக்கிவிட்டன. 1759இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நுழைவு இலவசம்.

லீட்ஸிலிருந்து யார்க் நகருக்குப் புகைவண்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது. நகரைச் சுற்றியுள்ள பழைய மதில்மேல் ஏறி, ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நடந்து வரலாம். அதற்கும் கட்டணமில்லை. அந்நகரின் கோட்டையில் 1190ஆம் ஆண்டு மார்ச்சில் யூதர் ஏறத்தாழ நூற்றைம்பது பேர் வெறிகொண்ட கூட்டத்தின் கையில் சிக்காதிருக்க அடைக்கலம் புகுந்து, அங்கேயே மாண்டுபோன வரலாற்றையும் அங்கு நின்றே அறிந்துகொள்ளலாம். அழகான ஊர் என்று பார்க்கப் போகிறவன் சிறுபான்மையினரின் பாடு எந்த நாட்டிலும் எப்படி இருந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு திரும்புகிறான்.

உணவைப் பற்றி ஒரு சொல். வழியில் ஹலால் கடை கிடைக்காது என்று நம்பிப் புறப்படுவதே நல்லது. சப்பாத்தியில் முட்டைப் பொரியலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டால் போதும். அல்லது கட்டுச்சோறு. கடற்கரை ஊர்களில் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடைகள் வரிசையாக நிற்கும். மீன்தானே, ஐயமென்ன என்று வாங்கிவிடுவார்கள். வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்ஷயரில், அந்த மீனை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் மிகுதி. அந்த மாடு எப்படி அறுக்கப்பட்டது என்பதை நாம் அறியோம். ‘எதில் பொரிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. மிட்டாய்களில் சேர்க்கப்படும் ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். உறையின் மேல் சைவக் குறி இருந்தால் அந்த ஐயமில்லை.

தொழுகையின் நிலை பருவத்துக்குப் பருவம் மாறும். டிசம்பரில் லுஹர் பன்னிரண்டு மணியை ஒட்டி வரும். அஸர் இரண்டு மணியை ஒட்டியே வந்துவிடும். நான்கு மணிக்கு மஃரிப். நண்பகலில் போய்ச் சேர்ந்து இரண்டு இடம் பார்ப்பதற்குள் மூன்று வக்துகள் வந்துவிடுகின்றன. ஜூனிலோ இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கதிரவன் மறைவான். பயணத்துக்குள் இரண்டு வக்து மட்டுமே வரும். புதிதாகச் செல்வோர் கோடையில் ஒரு பயணம் போய்ப் பழகிக்கொண்டு, குளிர்காலத்தில் துணிவது எளிது. பொது இடத்துக் கழுவுதொட்டியில் காலைத் தூக்கி வைத்து ஒளு செய்வதைக் கண்டு அவ்வூரார் திகைப்பர். காலையில் ஒளுவோடு தோலுறை அணிந்துகொண்டு புறப்பட்டால், பின்னர் மஸஹு செய்துகொள்ளும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. கஸர் செய்வதற்குரிய தொலைவு, பயணத்தின் நோக்கம் ஆகியன பற்றி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டாகையால், ஷாஃபியாயினும் ஹனஃபியாயினும் புறப்படுமுன் தம் ஊர் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதே முறை. இடம் கிடைப்பதைப் பற்றி நாம் அஞ்சிய அளவுக்கு இல்லை. அருங்காட்சியகக் காவலரிடம் ‘ஐந்து நிமிடம் தொழ ஒரு மூலை வேண்டும்’ என்று கேட்டபோது, ஒருவர் நாற்காலியை நகர்த்தி இடம் ஒதுக்கித் தந்துவிட்டு, முடியும்வரை யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டார்.

பெண்மக்களின் பெற்றோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகளைப் படிக்க அனுப்பிவிட்டு, ‘படிப்பைத் தவிர எங்கும் போகாதே’ என்று கட்டளையிடும் வீடுகளை அறிவோம். அக்கறையினால் இடும் கட்டளைதான். எனினும் வாரம் ஆறு நாளும் அந்நகரில் தனியே கல்லூரிக்கும் கடைக்கும் போய்வரும் பெண், ஏழாம் நாள் தோழியர் குழுவோடு பகல் வெளிச்சத்தில் போய்வருவதால் ஆபத்து கூடிவிடுவதாக நமக்குத் தோன்றவில்லை. பல்கலைக்கழகங்களில் மாணவர் இஸ்லாமியச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் கூட்டமைப்பு 1963லேயே தோன்றியது. சகோதரியர் மட்டும் செல்லும் பயணங்களை இச்சங்கங்கள் பலவும் ஏற்பாடு செய்கின்றன. தொலைதூரப் பயணம் பற்றிய மார்க்கச் சட்டத்தைக் குடும்பத்தார் தத்தம் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளட்டும். பக்கத்து ஊர்ப் பூங்காவுக்குப் போய்வந்ததையும் மறைக்க வேண்டிய நிலைக்கு மட்டும் மகளைத் தள்ளிவிடாதீர்கள். மறைத்துப் பழகியவள் இடர் வந்தபோதும் மறைப்பாள்.

பெற்றோர் உள்ளபடியே அஞ்ச வேண்டியது வேறு. சொல்லவே மனம் கலங்குகிறது. 2016 ஆகஸ்டு 24 அன்று இலண்டனிலிருந்து தென் கடற்கரையிலுள்ள கேம்பர் சாண்ட்ஸ் என்னும் இடத்துக்கு ஒரு நாள் பொழுதுபோக்கச் சென்ற ஐந்து இளைஞர்கள் கடலில் மூழ்கி மாண்டனர். ஐவரும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இருவர் உடன்பிறந்தோர். நல்ல வெயில், அமைதியான கடல், கண்ணுக்கெட்டிய தூரம் மணல். நீர் வடிந்திருக்கும்போது மணல் திட்டுகளில் வெகுதூரம் நடந்து போய்விடலாம். ஏற்றம் திரும்பும்போது திட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் முதலில் நீர் நிறைந்துவிடும். முன்னால் கடல் அமைதியாக இருக்க, பின்னால் வழி அடைபட்டுப்போகும். அன்று அக்கரையில் உயிர்காப்போர் இல்லை, பின்னரே நியமித்தார்கள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ‘எங்களுக்கா கடல் தெரியாது?’ என்று எண்ணக்கூடும். நம் கரையில் நீர் ஏறி இறங்கும் அளவு மிகக் குறைவு. அங்கே பல இடங்களில் அது பல மீட்டர். நீரும் குளிர்ந்தது, கோடையிலும் திடீரென இறங்கினால் மூச்சு திணறும்.

மலையும் அப்படியே. உயரத்தைக் கேட்டால் நம் நீலகிரியில் ஏறத்தாழப் பாதிதான். பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரமே 1345 மீட்டர்தான். ஆனால் குளிர்காலத்தில் சாதாரணக் காலணியும் பருத்தி உடையுமாக ஏறி, மூடுபனியில் வழி தவறி, நான்கு மணிக்கு இருட்டில் அகப்பட்டுக்கொள்வோரைத் தேடி மீட்பதற்கென்றே தொண்டர் குழுக்கள் அங்கே இருக்கின்றன. ஆகவே சகோதரி அவர்களே, பனிமலைப் படத்தைப் பார்த்தால் ‘ஏன் போனாய்?’ என்பதை விட்டுவிட்டு, ‘யார் யார் போனீர்கள், காலில் என்ன அணிந்திருந்தாய், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். கடற்கரைப் படமாயின் நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டானா என்று கேளுங்கள். உண்மையான விடை கிடைக்கும். அவனுக்கும் அடுத்த முறை நினைவிருக்கும்.

இனி, எங்கே போகலாம் என்பது. பட்டியல் போடுவது நம் வேலையன்று. கடிகாரக் கோபுரத்தையும் பாலத்தையும் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் போய்வந்தால் வீட்டாரும் மகிழக்கூடிய ஒரு நாளை மட்டும் சொல்கிறோம்.

இலண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து புகைவண்டியில் அரை மணி நேரத்துக்குள் வோக்கிங் என்னும் ஊர் வரும். நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் ஷாஜஹான் பள்ளிவாசல் இருக்கிறது. பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம் இது, ஆண்டு 1889. பெயரைக் கேட்டு மொகலாயப் பேரரசரை எண்ணிவிட வேண்டாம். இந்த ஷாஜஹான் போபாலை ஆண்ட பேகம். அவர் அளித்த பொருளுதவியில் கட்டப்பட்டது. கட்டுவித்தவர் லைட்னர் என்னும் மொழியறிஞர். ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராயிருந்து, பஞ்சாப் பல்கலைக்கழகம் தோன்றப் பாடுபட்டவர். இங்கிலாந்து திரும்பி வோக்கிங்கில் கீழைக்கல்வி நிலையம் ஒன்றை அமைத்தபோது, அங்கு வரும் முஸ்லிம் மாணவர் தொழுவதற்கு இடம் வேண்டுமென்று இதைக் கட்டுவித்தார். மாணவருக்காகத் தோன்றிய பள்ளி என்பதால் இங்கே குறிப்பிடுகிறோம். பச்சைக் குவிமாடம், பொன் பிறை, உள்ளே சிறிய சதுரக் கூடம். நம் ஊர்த் தெருப் பள்ளிகளே இதைவிடப் பெரியவை. 2018இல் அரசு இதை முதல் தரப் பாதுகாப்புச் சின்னமாக உயர்த்தியது.

அங்கே லுஹர் தொழுதுவிட்டு ஹார்ஸெல் பொதுவெளிக்குப் போகலாம். முதல் உலகப் போரில் காயமுற்று இங்கிலாந்து மருத்துவமனைகளில் இறந்த இந்திய முஸ்லிம் படைவீரருக்காக 1917இல் அங்கே ஓர் அடக்கத்தலம் அமைத்தார்கள். கீழைநாட்டுப் பாணியில் செங்கல் மதில், வளைவு வாயில். 1968இல் அங்கிருந்த 27 ஜனாஸாக்களும் அருகிலுள்ள புரூக்வுட் இராணுவ அடக்கத்தலத்துக்கு மாற்றப்பட்டன. வெறும் மதில் மட்டும் பாழடைந்து நின்ற இடத்தை 2015இல் அமைதிப் பூங்காவாக்கி, 27 பேருக்கும் 27 இமாலய மரங்கள் வைத்திருக்கிறார்கள்.

வோக்கிங்கிற்கு அடுத்த நிலையம் புரூக்வுட். இறங்கியதும் பக்கத்திலேயே அடக்கத்தலம். 1854இல் திறக்கப்பட்டது, நாட்டிலேயே மிகப் பெரியது. இலண்டனில் இறந்தோரை இங்கே கொண்டுவரத் தனிப் புகைவண்டியே ஓடியது; 1941இல் குண்டுவீச்சில் அதன் நிலையம் அழிந்தபின் நின்றுபோயிற்று. இதன் முஸ்லிம் பகுதியில் மார்மடியூக் பிக்தாலும் அப்துல்லாஹ் யூசுப் அலியும் அடங்கியிருக்கிறார்கள். நம் வீட்டு அலமாரியில் திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று இருக்குமானால், பெரும்பாலும் இவ்விருவரில் ஒருவருடையதாகவே இருக்கும்.

பிக்தால் ஆங்கிலிக்கப் பாதிரியார் ஒருவரின் மகன். 1917இல் இஸ்லாத்தைத் தழுவியதை வெளிப்படையாக அறிவித்தார். ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் பல்லாண்டு பணியாற்றினார். அவருடைய மொழிபெயர்ப்பு 1930இல் வெளியாயிற்று. நம் சென்னையில் இருபதுகளில் நடந்த இஸ்லாமியச் சொற்பொழிவு வரிசையில் வந்து உரையாற்றியவர். அதே வரிசையில்தான் 1929இல் அல்லாமா இக்பாலும் பேசினார். பிக்தால் 1936இல் மறைந்தார்.

யூசுப் அலியின் கதை நெஞ்சை அறுப்பது. பம்பாய் மாகாணத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்று, ஐ.சி.எஸ். பதவி வகித்தவர். லாகூர் இஸ்லாமியாக் கல்லூரியின் முதல்வராயிருந்தவர். 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய மொழிபெயர்ப்பு உலகெங்கும் வீடுகளில் இருக்கிறது. அன்னாரோ பிள்ளைகளோடு உறவு அறுந்து, முதுமையில் இலண்டன் தெருக்களில் கவனிப்பாரின்றி அலைந்தார். 1953 டிசம்பர் குளிரில் காவலர் கண்டெடுத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். 10ஆம் நாள் உயிர் பிரிந்தது. அந்தக் கபரின் அருகே நின்று துஆச் செய்துவிட்டு வரும் மாணவன், அன்று இரவு வீட்டுக்குத் தொலைபேசி எடுக்காமல் உறங்கமாட்டான்.

மற்றொரு நாள் கிடைத்தால் கேம்பிரிட்ஜ். இலண்டனிலிருந்து ஒரு மணி நேரம். 1905இல் இக்பால் சேர்ந்த டிரினிட்டி கல்லூரியில்தான் 1914இல் நம் கும்பகோணத்து இராமானுசனும் வந்து சேர்ந்தார். அடுத்த வாயில் யூசுப் அலி படித்த செயின்ட் ஜான்ஸ். நடந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். மில் சாலையில் 2019இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலில், மரத் தூண்கள் மேலே கிளை விரித்துக் கூரையைத் தாங்கும் அழகைக் கண்டு, அங்கேயே அஸர் தொழுதுவிட்டு வண்டி ஏறலாம்.

செய்யத் தகாத பயணங்களையும் சொல்லிவிடுவோம். பிரிட்டிஷ் மாணவர் விசாவை வைத்துக்கொண்டு பாரிஸுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ போக முடியாது. அதற்கு ஷெங்கன் விசா தனி. 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் மட்டும் 90 யூரோ. வார இறுதிக்கு ஏற்றதன்று. பெல்பாஸ்டிலிருந்து டப்ளினுக்குப் பேருந்து ஓடுகிறது, எல்லையில் சாவடியும் கண்ணில் படாது. ஆயினும் அயர்லாந்து வேறு நாடு, அதற்குரிய விசாவின்றி நுழைவது குற்றம். சாவடி இல்லை என்பதற்காகத் துணிந்து ஏறிவிடலாகாது.

ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. வண்டிகள் காலையில் தாமதமாகத்தான் தொடங்கும். தண்டவாள வேலைகளை அன்றுதான் வைத்துக்கொள்வார்கள். பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவார்கள். சிற்றூர்களில் கடைசிப் பேருந்து மாலையே போய்விடும். பெரிய கடைகள் அன்று ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே போகும் வண்டியில் ஏற வேண்டும். புரூக்வுட் போகிறவர்கள் குளிர்காலமாயின் இரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்து, இருட்டுமுன் வெளியேறிவிடட்டும். பரந்த இடம், மழைக்காலத்தில் பாதை சேறாக இருக்கும், நல்ல காலணி தேவை.

அடுத்த இதழில், விடுதிப் பொதுச் சமையலறையில் பிறர் பன்றியிறைச்சி சமைக்கும் அடுப்பையும் பாத்திரத்தையும் நம் பிள்ளைகள் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கும் வாசகருக்கு விடை எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.